திமிங்கிலச் சுறாவின் சுற்றம்

கடலோசை எட்டாத ஊர் பல்லேபொல. மாத்தளை மாவட்டத்து உள்நாட்டுப் பகுதியான ஆங்கும் சம்பல் அரைக்கும் அம்மியில் மாசிக்கு இடமுண்டு. மாசியாவது, சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திய பண்டம். அந்தச் சூரையினத்துக்கும் மீன்களுள் மிகப் பெரியதாகிய திமிங்கிலச் சுறாவுக்கும் தோழமை உண்டென்பதை அதனை உண்போருட் பலர் அறியார்.

பெயர் கண்டு மயங்கலாகாது. அது திமிங்கிலமன்று, செவுளால் மூச்சுவிடும் மீனே. 12 மீற்றருக்கு மேலும் வளரும். இலங்கையின் மேற்குக் கரையில் அது கிடைத்த செய்தியைக் கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்த ஹாலி என்பார் 1883இல் எழுதி வெளியிட்டார். இத்துணைப் பெரிய உடலுக்கு உணவோ, நீரில் மிதந்து திரியும் நுண்ணிய உயிர்களும் மீன்முட்டைகளும் சிறு மீன்களுமே. நீரை வாரி எடுத்து, வடிகட்டி விழுங்கும். ஆதலின் ஓரளவு வளர்ந்த மீன்கள் அஞ்சாது அதனை அண்டுகின்றன.

அவற்றுள் வியப்புக்குரியது ஒட்டுமீன். அதன் முதுகுச் செட்டை ஒன்று தலைமேல் நீள்வட்டத் தட்டாக மாறியுள்ளது. தட்டின் குறுக்கே வரிவரியாகத் தகடுகள் உள்ளன. அவற்றை நிமிர்த்தினால் உள்ளே அழுத்தம் குறையும், பிடி இறுகும். சுறா முன்னோக்கி விரைய விரையப் பிடி தளர்வதில்லை. கழற்ற வேண்டின் ஒட்டுமீன் தானே முன்னே நகரும். கூலி கொடாத பயணி என்று அதனைப் பழிப்பதும் முழு நியாயமன்று. சுறாவின் தோலிற் பற்றிய ஒட்டுண்ணிகளை அது தின்பதுமுண்டு.

மஞ்சள் உடலிற் கருங்கோடு தீட்டிய பாரைக்குஞ்சுகள் சுறாவின் வாய்க்கு முன்பாகவே நீந்தும். அவை வழிகாட்டுகின்றன என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அவை நாடுவது பாதுகாப்பையே. இவற்றினும் துணிந்த உயிரொன்று 2019இல் அறிவியலார் பெயர் சூட்டியது. யப்பானின் ஒகினாவாவில் வளர்க்கப்பட்ட திமிங்கிலச் சுறா ஒன்றின் வாயினுள், செவுளருகே, இறால் வகைக்கு உறவான இச்சிற்றுயிர்கள் ஏறக்குறைய ஆயிரம் குடியிருந்தன! ஓயாது புது நீர் பாயும் அவ்விடத்தில் உணவுக்கும் மூச்சுக்கும் குறைவில்லை.

இனிச் சூரைக்கு வருவோம். மிதக்கும் மரக்கட்டையின் கீழ்க் கூடும் இயல்புடைய இம்மீன்கள் திமிங்கிலச் சுறாவையும் அவ்வாறே சூழ்கின்றன. இதனை அறிந்த பெருங்கப்பல்கள், சுறா தென்பட்ட இடத்திற் சுருக்குவலையை வளைத்து விடுவதுண்டு. சூரைக்கு விரித்த வலையிற் சுறாவும் சிக்கும். பிறர்க்கு நிழலாய் நின்ற சுற்றமே அதற்குப் பகையாயிற்று. இந்து சமுத்திரச் சூரை மீன் ஆணைக்குழு, இலங்கையும் உறுப்புரிமை பெற்றது, 2013இல் இதற்கு விதி வகுத்தது. வலை வீசுமுன் திமிங்கிலச் சுறாவைக் கண்டால், அதனை அறிந்தே வளைத்து வலையிடலாகாது. அறியாது அகப்பட்டால் ஊறின்றி விடுவித்தல் வேண்டும். அந்நிகழ்ச்சியை உரிய அதிகாரிகளுக்கு அறிவித்தலும் வேண்டும்.