பதுளை வீட்டு ஏசிக்கு டோஹாவில் சுவிட்ச்

ஏசி வாங்க வருகிறவர்கள் முன்பெல்லாம் எத்தனை டன், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கேட்பார்கள். இப்போது பதுளைக் கடைகளில் "போன்ல போடலாமா?" என்ற கேள்வியும் சேர்ந்திருக்கிறது. கேட்பவர் பல நேரம் அந்த வீட்டில் குடியிருப்பவரே அல்ல. கொழும்பிலோ கட்டாரிலோ உழைக்கிற பிள்ளை. அம்மா அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தபடியே தானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறது. பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஏசியின் பிடி யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

ஊவா மாகாணத்துக்கு ஏசி எதற்கு என்பார்கள். குளிர்கிற அப்புத்தளையில் நின்று கேட்டால் அந்தக் கேள்வி சரி. பதுளை நகரமோ 700 மீட்டர் உயரத்துக்கும் சற்றுக் கீழே, சுற்றிலும் மலை அடைத்த பள்ளத்தில் இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கொங்கிரீட் தட்டு போட்ட வீடு பகல் முழுக்கக் காய்ந்து, இரவிலும் அனல் விடும். வெல்லவாய, புத்தல பக்கம் இறங்கினால் சொல்லவே வேண்டாம்.

காற்றை அளந்து ஆளுகிற வேலை இந்த மாகாணத்துக்குப் புதிதல்ல. லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்னை ஃபெக்டரி முதல் மலை மலையாக நிற்கும் தேயிலை ஃபெக்டரிகளில் கொழுந்து வாட்டும் மாடி அதற்காகவே இருக்கிறது. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதைப் பன்னிரண்டு மணி, பதினெட்டு மணி நேரம் காற்று செலுத்திப் பக்குவமாக இறக்குகிறார்கள். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் இடையே எத்தனை பாகை வித்தியாசம் என்று பார்த்து, காற்று எவ்வளவு ஈரத்தைக் குடிக்கும் என்று கணித்து, விசிறியையும் சூட்டையும் கூட்டிக் குறைப்பார்கள். கொழுந்தைக் கைப்பிடியாக அள்ளி அழுத்திப் பார்ப்பதும் உண்டு. கச்சான் காலத்தில் காற்று தானே காய்ந்து வருவதால்தான் ஊவா தேயிலைக்கு அந்தத் தனி வாசம்.

வீட்டு ஏசியை ஸ்மார்ட் ஆக்குகிறவர்கள் இந்தப் பாடத்தைக் கவனிப்பதே இல்லை. வெப்பம் 28 ஆனால் போடு, 24 ஆனால் நிறுத்து என்று ஒரே ஓர் எண்ணைத்தான் கொடுக்கிறார்கள். வடகீழ்ப் பருவ மழை பிடிக்கிற நவம்பர், டிசம்பரில் பதுளையில் புழுங்குவது ஈரத்தால். அப்போது ஏசியின் டிரை முறையே போதும். கச்சான் காலத்து நடு இரவில் வெளிக்காற்று அறைக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும். ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறப்பதே நியாயம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் இரண்டு சென்சர் வைத்தால் இதையெல்லாம் வீடே சொல்லிவிடும்.

ஒரே எண்ணை நம்பி ஓட்டுவது பில்லிலும் தெரியும். ஒரு டன் சாதாரண ஏசியின் கம்பிரசர் ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் ஏறக்குறைய ஒரு யூனிட் போகும். வீட்டுக் கட்டணமோ யூனிட் கூடக் கூட விலை கூடும் படிக்கட்டு; மாதம் 180ஐத் தாண்டினால் உச்சப் படி. 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதமும் ஏறியதை யாரும் மறக்கவில்லை.

இனி, என் கவலைக்கு வருகிறேன். இங்கே பூட்டப்படுகிற 'ஸ்மார்ட்' பெரும்பாலும் ரிமோட்டின் வேலையைச் செய்யும் ஒரு சின்ன டப்பாதான். போனில் தட்டினால் கட்டளை இணையம் வழியாக எங்கோ ஒரு வெளிநாட்டுக் கணினிக்குப் போய், திரும்ப வீட்டு ரவுட்டருக்கு வந்து, அந்த டப்பா வழியாக ஏசிக்குப் பாய்கிறது. ஏசி பதில் சொல்லாது. கட்டளை போய்ச் சேராவிட்டாலும் போன் "ஓடுகிறது" என்றே காட்டும். அம்மா கை ரிமோட்டால் அணைத்தாலும் பிள்ளைக்குத் தெரியாது.

பசறை வீதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். கை ரிமோட்டை மாற்றி மாற்றி அழுத்திக் குழப்புகிறார் என்று மகன் அதை அலுமாரியில் வைக்கச் சொல்லிவிட்டாராம். விடியற்காலை மூன்று மணிக்குக் குளிர் எடுத்தால் அவர் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறார்: "தம்பி, குளிருதுப்பா, கொஞ்சம் கூட்டி விடு." டோஹாவில் அப்போது பன்னிரண்டரை. மகன் தூங்கியிருந்தால் டீச்சர் இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள்கிறார். கரண்ட் போய் வந்த அன்று ரவுட்டர் எழும்பவில்லை, ஏசி மட்டும் தானாக எழும்பி இரவு முழுக்க ஓடியது. தோட்டத்துப் பக்கம் ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டி ஓர் அறைக்கு மட்டும் ஏசி போட்டவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். நீண்ட லைனின் கடைசியில் மாலையில் வோல்டேஜ் விழும், ஏசி நின்றுவிடும், போனில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.  

இந்த மாகாணத்தில் இணையத்தையும் கரண்டையும் நம்பி வீட்டின் சாவியைக் கொடுக்க முடியுமா? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் இருட்டு. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்க ஒரே அடியாய் அணைந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையைச் சரித்தபோது ரோடும் லைனும் சிக்னலும் சேர்ந்தே போயின. இடைப்பருவ மழைக் காலத்து மாலை இடி ஒன்று போதும், எர்த் சரியில்லாத வீட்டில் ஏசியின் போர்ட் கருகிவிடும். தூரத்திலிருந்து கவனிக்க முடிவது முதியவர்களுக்குப் பாதுகாப்பு என்பார்கள். கவனிப்பது சரி, கட்டுப்பாட்டையே பறிப்பது சரியல்ல.

வழி இருக்கிறது. ஸ்மார்ட் கருவிகளுக்கான மேட்டர் என்ற பொது முறை 2022 ஒக்டோபரில் வந்தது. அறை ஏசிகள் அடுத்த ஆண்டு ஒக்டோபரில் அதில் சேர்ந்தன. இணையம் அறுந்தாலும் கட்டளை வீட்டுக்குள்ளேயே ஓடும். வாங்கும்போது அதைக் கேளுங்கள். மலிவான ஸ்மார்ட் பிளக்கில் ஏசியைச் செருகவே செருகாதீர்கள். அது உருகலாம், ஓடுகிற கம்பிரசரைப் பட்டென்று வெட்டுவதும் கெடுதல். கரண்ட் வந்ததும் மூன்று நிமிடம் பொறுத்து எழும்பும்படி வையுங்கள். எர்த்தைச் சோதித்து, மின்னல் தாங்கும் பாதுகாப்பை மெயின் சுவிட்ச் பெட்டியில் போடச் சொல்லுங்கள். கணக்கை வீட்டிலிருப்பவர் பெயரில் திறவுங்கள்.

கடைசியாக, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஏசி பூட்ட வந்த பாஸ் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ரவுட்டரை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் போனைத் தொடாமல், அம்மா தன் கையாலேயே ஏசியைப் போட்டு, கூட்டி, குறைத்து, அணைத்துக் காட்டட்டும். அவரால் முடியாவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.