காலேஜ் டீம் தோத்துட்டா கதை முடிஞ்சுதா? பெண்கள் கூடைப்பந்தில் அடுத்தடுத்த வாசல்கள்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

இந்த வாரம் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒரு அப்பா கேட்ட கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம். "பொண்ணு காலேஜ் டீம்ல பாஸ்கெட்பால் ஆடுறா சார். இன்டர்-காலேஜ் போட்டியில முதல் மேட்ச்லயே தோத்துட்டாங்க. இந்த வருஷம் அவ்வளவுதானா?"

பதில்: இல்லை. ஏன்னு பார்ப்போம்.

முதல்ல அமெரிக்காவை ஒரு பார்வை பார்த்துட்டு வரலாம். அங்கே கல்லூரி அணியே நேரடியா தேசியப் போட்டிக்குப் போகும். சீசன்ல சுமார் 30 ஆட்டம் ஆடி முடிச்ச பிறகுதான் மார்ச் மாதத்துல பெரிய போட்டி. 1982-ல பெண்களுக்கான என்சிஏஏ போட்டி ஆரம்பிச்சப்போ 32 அணிகள். 1994-ல 64. 2022-லிருந்து 68. அதுல இடம் கிடைக்காத நல்ல அணிகளுக்கு 1998-லிருந்து டபிள்யூஎன்ஐடி இருக்கு. 2024-ல 32 அணிகளோட டபிள்யூபிஐடி-ன்னு இன்னொன்றும் வந்தது. அதாவது ஒரு கதவு மூடினா பக்கத்துலயே இன்னொரு கதவு.

நம்ம ஊர் அமைப்பு வேற. இங்கே நீண்ட சீசன் கிடையாது. தேசிய அளவில் ஆடுவது கல்லூரி அணி அல்ல, பல்கலைக்கழக அணி. இந்த ஒரு வித்தியாசம்தான் அந்த அப்பாவுக்கு நல்ல செய்தி.

கடலூர் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் இப்போ அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட இணைந்தவை. பொறியியல் கல்லூரின்னா அண்ணா பல்கலைக்கழகம். இன்டர்-காலேஜ் போட்டிக்கும் செலக்‌ஷன் ட்ரையல்ஸுக்கும் அப்புறம், பல கல்லூரிகளிலிருந்து 12 பேரைப் பொறுக்கி ஒரு பல்கலைக்கழக அணி அமைப்பாங்க. தோத்த கல்லூரியில ஆடினவளும் அந்த 12-ல ஒருத்தியா வரலாம். அணி தோற்றது; ஆட்டக்காரி தோற்கல. அதனால ட்ரையல்ஸ் எந்தத் தேதி, எந்த ஊர்னு உடற்கல்வி இயக்குநர்கிட்ட இன்றைக்கே கேளுங்க.

அதுக்கு அடுத்த படி தென் மண்டலப் போட்டி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், அதாவது ஏஐயூ, நாட்டை நாலு மண்டலமாப் பிரிச்சு நடத்துது. ஆரம்பத்துல நாக்-அவுட், ஒரு தோல்வி, ரயில் ஏற வேண்டியதுதான். கடைசி நாலு அணிகள் மட்டும் லீக் முறையில ஆடும். அந்த நாலுமே அகில இந்தியப் போட்டிக்குப் போகும். கவனிச்சீங்களா? மண்டலத்துல உண்மையான ஃபைனல், காலிறுதிதான். அதுல ஜெயிச்சா டிக்கெட் உறுதி.

நாலு மண்டலம், மண்டலத்துக்கு நாலுன்னு மொத்தம் 16 அணிகள் அகில இந்தியப் போட்டியில. அங்கே முதல் எட்டுக்குள்ள வந்தா கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள். 2020-ல புவனேஸ்வர்ல தொடங்கினது இது.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லியாகணும். எஸ்ஆர்எம் மாதிரி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்ல பிள்ளைங்க ஒரே வளாகத்துல வருஷம் முழுக்கச் சேர்ந்து பயிற்சி எடுக்கலாம். பல ஊர்க் கல்லூரிகளிலிருந்து வந்து சேர்ற அணிக்குக் கொஞ்ச நாள் கேம்ப்தான் கிடைக்கும். யார் எங்கே கட் பண்ணுவா, யாருக்குப் பாஸ் பிடிக்கும்னு புரியறதுக்குள்ள முதல் மேட்ச் வந்துடும். திறமையில குறை இல்லாமலேயே தோற்கிறது இப்படித்தான். அமெரிக்காவுல இருக்கிற மாதிரி ஒரு இரண்டாம் போட்டி இங்கேயும் இருந்தா, மண்டலத்துல முதல் நாளே வெளியேறுற பிள்ளைக்கு இன்னும் நாலு மேட்ச் கிடைக்கும். நாம கேட்க வேண்டியது அதைத்தான்.

சரி, இவ்வளவு அலைச்சலுக்கு என்ன பலன்? மத்திய அரசு வேலைகள்ல விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு, பல்கலைக்கழகத்தைப் பிரதிநிதித்துவப்படுத்தி இன்டர்-யூனிவர்சிட்டி ஆடினதும் ஒரு தகுதி. அதுக்கான சான்று 'ஃபார்ம் 3'. பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்துப் போடணும். வெறும் இன்டர்-காலேஜ் சர்டிஃபிகேட் இதுக்குப் போதாது. படிப்பு முடிஞ்சு நாலு வருஷம் கழிச்சு இந்தக் காகிதத்தைத் தேடி அலையாம, ஆடின வருஷமே வாங்கி வெச்சுக்கணும்.

கூடைப்பந்து வேலையும் பெருமையும் தரும்ங்கிறதுக்குச் சென்னையில வளர்ந்த அனிதா பால்துரையே சாட்சி. தெற்கு ரயில்வேயில் வேலை, இந்திய அணியின் கேப்டன், 2021-ல பத்மஸ்ரீ.

ஆகவே முத்தாண்டிக்குப்பத்து அப்பாவுக்கு: 25 வயசு வரைக்கும் பொண்ணுக்கு இந்த வாசல் திறந்திருக்கு. ட்ரையல்ஸுக்கு அனுப்புங்க. கூடப் போக முடிஞ்சா நீங்களும் போங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.