ஒருமுறை வந்த தட்டம்மை மறுமுறை வராதது ஏன்?

ஃபேரோ தீவுகளில் 1846ஆம் ஆண்டு தட்டம்மை பரவியபோது, 1781இல் அந்நோய் கண்டிருந்த முதியவர்களை அது தீண்டவில்லை என்பதை டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும் பதிவு செய்தார். 65 ஆண்டுகள் உடல் எப்படி நினைவு வைத்திருந்தது?

கொத்துச் சாவியிலிருந்து பூட்டுக்குப் பொருந்துவதைத் தேடி எடுப்பதை எண்ணிப்பாருங்கள். அவ்வாறே, எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் பி அணுக்கள் எனும் வெள்ளையணுக்கள், கிருமி வருமுன்பே மரபணுத் துண்டுகளைக் கலைத்துச் சேர்த்து, வெவ்வேறு வடிவ ஏற்பிகளைத் தாங்கி நிற்கின்றன.

கிருமியின் பகுதியோடு பொருந்தும் அணு மட்டும், டி அணுக்கள் எனும் வேறுவகை வெள்ளையணுக்களின் உதவியோடு பெருகி, அதே வடிவத்தை ஒட்டிய எதிர்ப்பொருள் எனும் புரதத்தைச் சுரக்கிறது. பெருகும்போது நேரும் சிறு மாற்றங்களில் இன்னும் இறுகப் பொருந்துபவையே மிகுதியும் நிலைக்கின்றன என்பது பெருவியப்பு. அவற்றுட் சில, நினைவணுக்களாகப் பல்லாண்டு தங்கிவிடுகின்றன.