கட்டற்ற மெய்நிகர் உலகங்கள்: மக்கள் கூடுகைகளும் தொழில்நுட்ப வளர்ச்சியும்

கட்டற்ற மெய்நிகர் உலகம் என்பது கணினித் திரையில் முப்பரிமாணத்தில் அமைந்த ஓர் இணைய வெளியாகும். பலர் ஒரே நேரத்தில் அதனுள் நுழைந்து நடமாடலாம், பேசலாம், கட்டடம் எழுப்பலாம். அதை இயக்கும் மென்பொருளின் மூல நிரல் எல்லாருக்கும் திறந்து வைக்கப்பட்டிருக்கும். உள்ளே செல்பவர் தமக்கென ஓர் உருவத்தைத் தேர்ந்துகொள்கிறார். அதற்கு அவதார் என்று பெயர். கணினி விளையாட்டுகளிலும் இத்தகைய உருவங்கள் உண்டு. ஆனால் அங்கே வெற்றியும் மதிப்பெண்ணும் நோக்கம். இங்கே அப்படி எதுவும் இல்லை. வகுப்பு, கண்காட்சி, இசை நிகழ்ச்சி, மாநாடு, கூடிப் பேசுதல் என்று எதற்காகச் செல்கிறார்களோ அதுவே நோக்கம்.

தமிழ்நாட்டில் ஒரு வரவேற்பு

தமிழ்நாட்டில் மெய்நிகர் உலகம் என்ற சொல் பொதுமக்களிடம் பரவலாகப் பேசப்பட்டது 2022 பிப்ரவரியில்தான். அம்மாதம் 6ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிவலிங்கபுரம் என்னும் சிற்றூரில் ஒரு திருமணம் நடந்தது. கொரோனா காலத்தில் விருந்தினரை அதிக அளவில் அழைக்க முடியாத நிலை. ஆகவே வரவேற்பை மட்டும் மெய்நிகர் உலகில் வைத்தார்கள். ஹாரி பாட்டர் கதைகளில் வரும் ஹாக்வார்ட்ஸ் கோட்டையைப் போன்ற அரங்கு அமைக்கப்பட்டது. விருந்தினர் தத்தம் வீட்டிலிருந்தபடியே அவதார்களாக வந்தனர். மணமகளின் மறைந்த தந்தையின் உருவமும் அங்கே தோன்றி மணமக்களை வாழ்த்தியது. அரங்கை அமைத்துத் தந்தது சென்னையைச் சேர்ந்த டார்டிவெர்ஸ் என்ற புத்தொழில் நிறுவனம்.

செய்தித்தாள்கள் கோட்டையைப் பற்றி நிறைய எழுதின. ஆனால் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபம் நிகழ்ச்சி முடிந்த பிறகும் அதே தெருவில் நிற்கும். பத்து ஆண்டுகள் கழித்துக் குழந்தையைக் கூட்டிச் சென்று காட்டலாம். மெய்நிகர் மண்டபத்துக்கு அந்த உறுதி இல்லை. அது ஏதோ ஒரு நிறுவனத்தின் வழங்கிக் கணினியில் இருக்கிறது. அந்தக் கணினி நின்றால் மண்டபமும் இல்லை. மைக்ரோசாப்ட் போன்ற பெருநிறுவனம்கூட ஆல்ட்ஸ்பேஸ்விஆர் என்ற தன் மெய்நிகர் உலகை 2023 மார்ச் 10 அன்று மூடிவிட்டது. அதன் மூல நிரல் பயனர்களிடம் இல்லாததால், அங்கே வாரந்தோறும் கூடிவந்தவர்கள் அதே உலகை வேறிடத்தில் எழுப்பிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று.

கட்டற்ற மெய்நிகர் உலகங்கள் இந்தக் கேள்விக்கு ஒரு விடை தேடுகின்றன. முழுமையான விடை என்று சொல்ல முடியாது. ஏன் என்பதைப் பின்னர் காண்போம்.

ஓப்பன்சிமுலேட்டர்

இவ்வகையில் மூத்தவற்றுள் ஒன்று ஓப்பன்சிமுலேட்டர். இதன் கதை செகண்ட் லைஃப் என்ற உலகிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் செகண்ட் லைஃபை 2003 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்தது. அதைப் பயன்படுத்த இரண்டு மென்பொருள்கள் வேண்டும். பயனரின் கணினியில் இருந்து உலகைக் காட்டும் பார்வைச் செயலி ஒன்று. நிலம், கட்டடம், ஆட்கள் எல்லாவற்றையும் கணக்கில் வைத்திருக்கும் வழங்கி மென்பொருள் மற்றொன்று. 2007 ஜனவரி 8 அன்று லிண்டன் லேப் பார்வைச் செயலியின் மூல நிரலை ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டது. வழங்கி மென்பொருளை வெளியிடவில்லை. கண்ணாடியைக் கொடுத்துவிட்டுக் காட்சியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது போல.

அதே மாதத்தில் டேரன் கார்டு என்ற நிரலாளர், அந்தப் பார்வைச் செயலியோடு பேசக்கூடிய ஒரு வழங்கி மென்பொருளைப் புதிதாக எழுதத் தொடங்கினார். அதுவே ஓப்பன்சிமுலேட்டர். சி ஷார்ப் மொழியில் எழுதப்பட்ட இது பி.எஸ்.டி. உரிமத்தில் வெளிவருகிறது. இந்த உரிமப்படி யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஜி.பி.எல். உரிமம் இதைவிடக் கட்டுப்பாடு உடையது: மாற்றிப் பிறருக்கு வழங்குபவர் தம் மாற்றங்களின் மூல நிரலையும் தந்தாக வேண்டும். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, பார்வைச் செயலியின் நிரலைப் படித்தவர்கள் ஓப்பன்சிமுலேட்டருக்கு நிரல் எழுதக் கூடாது என்ற விதியே தொடக்க காலத்தில் இருந்தது. கட்டற்ற மென்பொருள் என்றால் கட்டுப்பாடே இல்லை என்று நினைப்பவர்கள் இந்தச் செய்தியைக் கவனிக்கலாம்.

ஓப்பன்சிமுலேட்டரில் நிலத்தின் அடிப்படை அளவு 256 மீட்டர் நீளமும் 256 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு சதுரம். கொரட்டூர் நிலையத்தில் வந்து நிற்கும் 12 பெட்டிப் புறநகர் மின்தொடர் வண்டியின் நீளத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஏறக்குறைய அதுதான் சதுரத்தின் ஒரு பக்கம். பரப்பு சுமார் 16 ஏக்கர். இந்தச் சதுரத்துக்கு மண்டலம் என்று பெயர். மண்டலங்கள் பல சேர்ந்தால் ஒரு வலையமைப்பு. பொதுமக்களுக்குத் திறந்த பழைய வலையமைப்பான ஓஎஸ்கிரிட் 2007இலேயே தொடங்கப்பட்டது. தன் வீட்டுக் கணினியில் ஒரு மண்டலத்தை ஓடவிட்டு அதை இந்த வலையமைப்போடு யாரும் இணைத்துக்கொள்ளலாம்.

அடுத்த சிக்கல், ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. 2008 ஜூலையில் ஐ.பி.எம். நிறுவனமும் லிண்டன் லேபும் சேர்ந்து, செகண்ட் லைஃபின் சோதனைக் களத்திலிருந்து ஓப்பன்சிமுலேட்டர் வழங்கி ஒன்றுக்கு அவதார்களை அனுப்பிப் பார்த்தன. அனுப்ப முடிந்தது. ஆனால் உடை, உடைமை எதுவும் கூட வரவில்லை. அந்த முயற்சி அத்தோடு நின்றது. அதே ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகப் பேராசிரியர் கிறிஸ்டா லோப்பஸ் ஹைப்பர்கிரிட் என்ற முறையை உருவாக்கினார். ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவர் யாகூ கணக்குக்கு மடல் அனுப்புகிறாரே, அதற்கு இணையான ஏற்பாடு இது. ஒரு வலையமைப்பில் கணக்குத் தொடங்கியவர் தம் உருவத்தோடும் பொருள்களோடும் மற்றொன்றுக்கு விருந்தாளியாகச் சென்று திரும்பலாம். பல்கலைக்கழகமோ பள்ளியோ தனக்கென ஒரு சிறிய உலகை நடத்தினாலும், அது தனித் தீவாக இல்லாமல் பெரிய உலகத்தோடு தொடர்பில் இருக்க இதுவே வழி செய்தது.

கூட்டம் கூடினால் என்ன ஆகும்?

மெய்நிகர் உலகில் நிகழ்ச்சி நடத்துவது கொண்டாட்டம் மட்டுமன்று. அது மென்பொருளுக்கு வைக்கப்படும் தேர்வும் ஆகும். இதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஓர் அரங்கில் 20 பேர் இருக்கிறார்கள். ஒருவர் கையசைத்தால் அந்தச் செய்தி மற்ற 19 பேரின் கணினிகளுக்கும் போக வேண்டும். எல்லாரும் ஒரு முறை அசைந்தால் 20 × 19 = 380 செய்திகள். இப்போது 100 பேர் வந்துவிட்டார்கள் என்று கொள்வோம். 100 × 99 = 9,900 செய்திகள். ஆள் ஐந்து மடங்கு. வேலை இருபத்தாறு மடங்கு. இது ஒரே ஓர் அசைவுக்கு. உண்மையில் நொடிக்குப் பல முறை இது நடக்கிறது. அதோடு ஒவ்வொருவரின் உடை, முடி, நகை ஆகியவற்றின் படங்களும் மற்ற ஒவ்வொருவருக்கும் இறங்க வேண்டும். இரண்டு பேர் நடந்து பழகும்போது மிகச் சீராக ஓடும் உலகம், திருவிழா அன்று திணறுவதற்குக் காரணம் இதுதான்.

2013 செப்டம்பர் 7, 8 ஆகிய நாள்களில் முதலாவது ஓப்பன்சிமுலேட்டர் சமூக மாநாடு நடந்தது. ஓப்பன்சிமுலேட்டரைப் பற்றிய மாநாட்டை ஓப்பன்சிமுலேட்டருக்குள்ளேயே நடத்தினார்கள். தாம் சமைத்ததைத் தாமே முதலில் உண்பது போன்ற துணிவு அது. மேடைப் பேச்சுகளுக்கு நான்கு மண்டலங்களை ஒட்டவைத்து, அவை சந்திக்கும் இடத்தில் மேடையையும் சுற்றிலும் பார்வையாளர் இருக்கைகளையும் அமைத்தனர். பார்வையாளர்கள் நான்காகப் பிரிந்தால் சுமையும் நான்காகப் பிரியும் என்பது கணக்கு. மாநாட்டுக்கு முன் தன்னார்வலர்களை அழைத்து, வந்து உட்காருங்கள், எழுந்து நடங்கள் என்று சொல்லிச் சுமைச் சோதனைகள் நடத்தினர். ஆள் போதாதபோது இயந்திர அவதார்களைக் கூட்டமாக அனுப்பும் பிகேம்ப்பாட் என்ற சோதனைக் கருவியும் உதவியது. அக்கருவி மென்பொருளோடு சேர்ந்தே கிடைக்கிறது. சோதனையில் தெரிந்த குறைகளுக்குச் செய்த திருத்தங்கள் பொது மூல நிரலிலேயே சேர்க்கப்பட்டன. மாநாட்டுக்கு வராதவர்களுக்கும், அப்படியொரு மாநாடு நடந்ததே தெரியாதவர்களுக்கும் அந்தப் பலன் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் இம்மாநாடு டிசம்பர் மாதங்களில் நடந்துவருகிறது.

மூடினாலும் அழியாதது, திறந்திருந்தும் அழிவது

மோசில்லா நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஹப்ஸ், தனிச் செயலி எதுவும் இல்லாமல் இணைய உலாவியிலேயே திறக்கும் எளிய மெய்நிகர் அறை. 2020 மார்ச்சில் அட்லாண்டாவில் நடக்கவிருந்த ஐ.இ.இ.இ. மெய்நிகர் உண்மை மாநாடு, பெருந்தொற்றால் இணையத்துக்கு மாறியபோது ஹப்ஸ் அறைகள் அதற்குக் கைகொடுத்தன. 2024 மே 31 அன்று மோசில்லா தன் ஹப்ஸ் சேவையை நிறுத்தியது. ஆனால் நிரல் திறந்த நிலையில் இருந்ததால், ஹப்ஸ் அறக்கட்டளை என்ற அமைப்பு அதை எடுத்துத் தொடர்கிறது. செகண்ட் லைஃபைத் தொடங்கிய பிலிப் ரோஸ்டேல் பின்னர் நடத்திய ஹை ஃபிடிலிட்டி உலகுக்கும் இதே கதைதான். நிறுவனம் அதைக் கைவிட்ட பின் அந்நிரலிலிருந்து தன்னார்வலர்கள் விர்காடியா, ஓவர்ட்டே ஆகியவற்றை வளர்த்தார்கள்.

ஆயினும் திறந்த மூல நிரல் என்பது காப்பீடு அன்று. 2014இல் ஓஎஸ்கிரிட்டின் மையச் சேமிப்புக் கணினியில் வன்தட்டுகள் பழுதாகி, அந்த வலையமைப்பு பல மாதங்கள் மூடிக்கிடந்தது. மண்டலங்கள் அவரவர் வீட்டுக் கணினியில்தான் ஓடின. ஆனால் சுவரின் வண்ணம், தரையின் படம், உடை போன்றவை மையத்தில் இருந்தன. நிரல் உலகெங்கும் இருந்தது. பொருள்கள் ஓரிடத்தில் இருந்தன. வீட்டு வரைபடம் கையில் இருந்தும் வீடு எரிந்துபோன நிலை இது.

இதற்கு மருந்தும் அதே மென்பொருளில் இருந்தது. ஒரு மண்டலத்தின் நிலம், கட்டடங்கள், படங்கள், அவற்றை இயக்கும் சிறு நிரல்கள் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பாகச் சேமிக்க ஓஏஆர் என்ற கோப்பு முறை உண்டு. வழங்கியின் கட்டளைச் சாளரத்தில் ஒரு வரி தட்டினால் போதும். அக்கோப்பை வேறு கணினியில் ஏற்றினால் ஊர் அப்படியே எழுந்து நிற்கும். அதை முன்கூட்டியே செய்துவைத்தவர்கள் வேறு வலையமைப்புக்குக் குடிபெயர்ந்தார்கள். உரிமம் எடுத்துச் செல்லும் உரிமையைத்தான் தரும். எடுத்துவைக்க வேண்டிய வேலை மனிதருடையது.

பள்ளி, கல்லூரி அளவில்

ஓப்பன்சிமுலேட்டரைத் தனித்தியங்கும் முறையில் நிறுவ ஒரு சாதாரணக் கணினி போதும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் ஒரு கணினியில் வழங்கியை நிறுவினால், இணைய இணைப்பு இல்லாமலே உள்வலையில் மற்ற கணினிகளிலிருந்து மாணவர்கள் உள்ளே நுழையலாம். பார்வைச் செயலியாக ஃபயர்ஸ்டார்ம் பரவலாகப் பயன்படுகிறது. அதற்கு மட்டும் ஓரளவு நல்ல வரைகலைத் திறன் உள்ள கணினி வேண்டும். பழைய ஆய்வகக் கணினிகளில் இதுவே பெரும்பாலும் தடையாகும்.

என்ன கட்டலாம்? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தம் ஊரில் இடிபாடாக நிற்கும் பேராலயத்தின் பழைய தோற்றத்தை ஓப்பன்சிமுலேட்டரில் எழுப்பி மாணவர்களை உள்ளே நடக்கவிட்டனர். கொரட்டூர் மாணவர்களுக்கும் பொருள் அருகிலேயே உண்டு. பாடியில் தேவாரப் பாடல் பெற்ற திருவலிதாயம் கோயில் இருக்கிறது. கொரட்டூர் ஏரியும் இருக்கிறது. நிலத்தின் மேடுபள்ளத்தைச் சாம்பல் நிறப் படமாக வரைந்து ஏற்றும் வசதி ஓப்பன்சிமுலேட்டரில் உண்டு. ஒரு படப்புள்ளிக்கு ஒரு மீட்டர், வெளுப்பு கூடினால் உயரம் கூடும். கரை எங்கே, மதகு எங்கே, கழிவுநீர் எந்தப் பக்கமிருந்து ஏரிக்குள் வருகிறது என்பதை அப்படி அமைத்துக் காட்டினால், ஊர்க்கூட்டத்தில் வரைபடம் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்.

தமிழ் எழுத்து

கட்டடம் எழுப்பிய பிறகு பெயர்ப்பலகை வைக்க வேண்டுமே. அங்கேதான் தமிழுக்குரிய சிக்கல் வருகிறது. கொரட்டூர் என்ற சொல்லின் முதலெழுத்தையே எடுத்துக்கொள்வோம். கணினியின் நினைவகத்தில் முதலில் ககரமும் அடுத்து ஒகரக் குறியும் இருக்கும். திரையில் காட்டும்போது ஒற்றைக் கொம்பு ககரத்தின் இடப்புறமும் கால் வலப்புறமும் பிரிந்து அமைய வேண்டும். இந்த ஒழுங்கைச் செய்வது எழுத்துருவாக்க இயந்திரம் எனப்படும் மென்பொருள் பகுதி. ஹார்ஃப்பஸ் என்பது அவ்வகையில் பரவலாகப் பயன்படும் கட்டற்ற இயந்திரம். அது இணைக்கப்படாத முப்பரிமாண மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறிக் கிடக்கும்.

கட்டற்ற விளையாட்டு இயந்திரமான கோடாட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மூன்றாம் பதிப்பு வரை தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகள் சரியாக அமையவில்லை. 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில் ஹார்ஃப்பஸ் இணைக்கப்பட்டு இக்குறை நீங்கியது. நிரல் மூடியிருந்தால் தமிழர் கோரிக்கை வைத்துக் காத்திருக்க வேண்டும். திறந்திருந்தால், எந்த வரியில் குறை என்று காட்டித் திருத்தமும் எழுதி அனுப்பலாம்.

அத்தகைய வேலைக்கு ஆள் இல்லாமல் இல்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் பல ஆண்டுகளாக மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடிவந்தவர்கள், பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழிக்கு மாறினார்கள். 2012இல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பாடங்களைத் தமிழில் வெளியிடுகிறது. விழுப்புரத்திலும் ஒரு லினக்ஸ் பயனர் குழு மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறது. செப்டம்பர் மாதத்தில் உலகெங்கும் கொண்டாடப்படும் மென்பொருள் விடுதலை நாளில் இத்தகைய குழுக்கள் அரங்கு அமைத்து, வருகிறவர்களுக்கு மென்பொருள்களை இயக்கிக் காட்டுகின்றன.