தொக்கணம்

தொக்கணம் என்பது சித்த மருத்துவம் கூறும் 32 புற மருத்துவ முறைகளுள் ஒன்றாகும். தட்டல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் முதலிய ஒன்பது வகைக் கைச்செயல்களைக் கொண்டது. அமெரிக்காவில் 1895 இல் தோன்றிய கைரோபிராக்டிக்குடன் இதனை ஒப்பிடுவதுண்டு. எனினும் அது முதன்மையாக முதுகெலும்பு மூட்டுகளைத் திருத்துவது, இதுவோ பெரும்பாலும் எண்ணெயிட்டுத் தசைகளைத் தளர்த்துவது.

முதல் நாள்

சென்னையை அடுத்த தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 இல் திறந்து வைக்கப்பட்டது. இத்தகைய மருத்துவமனைக்கு முதுகுவலியுடன் முதன்முறை செல்பவர், சென்றவுடன் எண்ணெய் தேய்ப்பர் என எதிர்பார்த்தல் கூடாது. முதலில் நோய் வரலாறு கேட்கப்படும். பின்னர் நாடி, நா, விழி, நிறம் உள்ளிட்ட எண்வகைத் தேர்வு நடைபெறும். சிறுநீரில் எண்ணெய்த்துளி இட்டு அது பரவும் வடிவை நோக்கும் நெய்க்குறியும் இதில் அடங்கும். தேவைப்படின் எக்ஸ்-கதிர்ப் படமும் எடுக்கப்படலாம்.

அண்மையில் விழுந்தது, எலும்புத் தேய்வு, காய்ச்சல், கருவுற்றிருத்தல் ஆகியவற்றை மருத்துவர் கேட்காவிடினும் கூறிவிட வேண்டும். கால் மரத்துப்போதலும் சிறுநீரை அடக்க இயலாமையும் ஒருங்கே தோன்றின், தண்டுவடத்தின் அடிப்பகுதி நரம்புகள் நசுங்கியிருக்கலாம். அந்நிலையில் தொக்கணத்திற்குக் காத்திராமல் அறுவை மருத்துவ வசதியுள்ள அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும்.