வாய்க்குள் ஒரு புண் – 9: கத்திக்கு முன், கத்திக்குப் பின்

வாய்ப் புற்றுநோயின் நிலை இரண்டு முறை குறிக்கப்படுகிறது: அறுவைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. டி என்பது கட்டி, என் என்பது கழுத்து நெறிகள், எம் என்பது தொலைவுப் பரவல். பிரான்சின் பியர் டெனுவா வகுத்த இம்முறை சென்ற வாரமே வந்துவிட்டது.

முதலாவது மருத்துவ நிலை. கண்ணால் பார்த்து, நாக்கையும் கழுத்தையும் விரலால் அழுத்திப் பார்த்து, பயாப்ஸி, ஸ்கேன் முடிவுகளையும் சேர்த்துச் சொல்வது. எவ்வளவு வெட்டுவது, கழுத்தைத் திறப்பதா என்பதெல்லாம் இதை வைத்தே முடிவாகும். இரண்டாவது நோயியல் நிலை. வெட்டியெடுத்த கட்டியையும் நெறிகளையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்த பின் எழுதப்படுவது. கதிர்வீச்சு வேண்டுமா, கூடவே கீமோவும் வேண்டுமா என்பது இதைப் பொறுத்தது. பின்னது வந்ததும் முன்னதை அழித்துவிடக் கூடாது. இரண்டும் கோப்பில் இருக்க வேண்டும். அறுவை செய்யாதவர்களுக்கு முதலாவது மட்டுமே உண்டு.

இரண்டும் அதிகம் முரண்படும் இடம் ஆழம். 2018இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த, இந்த டி-என்-எம் முறையின் எட்டாம் பதிப்பு, கட்டியின் அகலத்தோடு ஆழத்தையும் கணக்கில் சேர்த்தது. 2 செ.மீ.க்குள் அடங்கும் கட்டி 5 மி.மீ. வரை இறங்கியிருந்தால் டி1. அதைத் தாண்டி 10 மி.மீ. வரை போனால் டி2. அளக்கும் விதம் அழகானது. பக்கத்து நலமான சளிச்சவ்வின் அடிச்சவ்வை ஒட்டி ஒரு கிடைக்கோடு. அதிலிருந்து கட்டியின் அடியாழம் வரை, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல, நேர்கீழாக இன்னொரு கோடு. இது தடிமன் அல்ல. வெளியே புடைத்து 12 மி.மீ. தடித்த கட்டி உள்ளே 3 மி.மீ. மட்டுமே போயிருக்கலாம். குழிந்த புண்ணிலோ தடிமன் குறைவாகவும் ஆழம் கூடுதலாகவும் இருக்கும். விரலுக்கு இந்த வேறுபாடு சரிவர எட்டாது. எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சற்றுக் கூட்டியே காட்டும்: கட்டியைச் சுற்றிய வீக்கமும் அளவில் சேர்ந்துவிடும், வெட்டியெடுத்த திசுவோ சுருங்கிவிடும்.

புடைத்து வளரும் வகைக்குப் பெயர்பெற்ற நோயாளி அமெரிக்க அதிபர் குரோவர் கிளீவ்லாந்து. 1893 ஜூலை 1 அன்று, ஒனைடா என்ற உல்லாசப் படகில், ஊருக்குத் தெரியாமல் அவருடைய இடது மேல்தாடையின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. உடனிருந்த மருத்துவர் கீன் அதை 1917இல்தான் விரிவாக எழுதினார். அந்தத் திசு ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் குடுவையில் கிடந்தது. மறுபடி ஆராய்ந்தவர்கள் 1980இல் சொன்ன முடிவு: மருப்போல் வளரும் வெருக்கஸ் வகைப் புற்று. மெதுவாக வளரும், நெறிகளுக்குப் பரவுவது மிக அரிது. அறுவைக்குப் பின் 15 ஆண்டுகள் வாழ்ந்து, 1908இல் அவர் இறந்தார். அந்த நீண்ட ஆயுளுக்கான விளக்கம், இறந்து 70 ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், திசுவிலிருந்து வந்தது.

கழுத்தில் இவ்விரு நிலைகளின் முரண்பாடு இன்னும் கனமானது. விரலுக்கும் ஸ்கேனுக்கும் நெறி தெரியாதவர்களில் சுமார் 20 முதல் 30 சதவீதத்தினருக்கு நுண்ணோக்கியில் பரவல் தென்படுகிறது. ஆரம்ப நிலை நோயாளிகளிடம் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், நெறிகளை முன்கூட்டியே அகற்றியவர்களில் 80 சதவீதத்தினர் மூன்றாண்டு கடந்து உயிரோடிருந்தனர். தெரியும்வரை காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம்.

இந்த வாரம் வருவதாக இருந்த நெறியுறை மீறல் அடுத்த இதழுக்குப் போகிறது. இப்போதைக்கு ஒன்று மட்டும்: நெறியின் உறை தாண்டிய நோயை மருத்துவ நிலையில் எழுத, தோலிலோ தசையிலோ ஒட்டியது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். நோயியல் நிலைக்கு நுண்ணோக்கியில் தெரிந்தாலே போதும்.