மண்ணெண்ணெயும் இலக்கணமும்

மோட்டார்ச் சைக்கிள் ஒன்று புறப்பட மறுக்கும்போது கற்றவனும் கல்லாதவனும் ஒன்றையே செய்கின்றனர்: உதைக்கின்றனர். யானும் ஓரிரவு அவ்வாறு உதைத்தவன்.

1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. அதன்பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருதல் தடைப்பட்டது, மின்சாரமும் நின்றது. ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கே எங்கள் கல்விக்கு ஒளி. வீதியில் ஓடிய மோட்டார்ச் சைக்கிளுக்கும் அந்த மண்ணெண்ணெயே உணவு.

1993 இல் ஒரு நள்ளிரவு. மருதனார்மடத்தில் எங்கள் வீட்டு முற்றம். அன்னையாருக்கு மூச்சிழுப்பு மிகுந்துவிட்டது. காங்கேசன்துறை வீதியால் நகரத்து ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும். தந்தையாரின் மோட்டார்ச் சைக்கிளோ உயிர் கொள்ளவில்லை. அப்போது யான் பண்டித பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நன்னூற் சூத்திரங்கள் நாவில் இருந்தன. அறிவு முழுவதும் காலுக்கு இறங்கியிருந்தது. உதைத்தேன், மேலும் உதைத்தேன்.

ஓசை கேட்டு அயல்வீட்டுப் பெரியவர் வந்தார். சைக்கிள் திருத்துவது அவர் தொழில்.

"தம்பி, கொஞ்சம் பொறும். அது ஏன் நிக்குதெண்டு முதலிலை பாப்பம்" என்றார்.

தாங்கியில் எண்ணெய் உண்டா? உண்டு. குழாய் திறந்திருக்கின்றதா? ஆம். பின்னர் பிளக்கைக் கழற்றினார். அது கரி படிந்து, மண்ணெண்ணெயில் நனைந்திருந்தது. எண்ணெய் வந்து சேர்கின்றது, எரியவில்லை என்பது அதனால் தெளிவாயிற்று. கரியைச் சுரண்டித் துடைத்தார். பிளக்கை வயரிற் கொளுவி, இயந்திரத்தின் உடம்போடு சேர்த்துப் பிடித்து, "இப்ப உதையும்" என்றார். இருளில் நீலப்பொறி தெறித்தது. எனவே மின்னிலும் குற்றமில்லை.

எஞ்சியது ஒன்றே. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை வெப்பத்துக்கு மேலேதான் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். பெற்றோலோ உறைபனிக் குளிரிலும் அதனைத் தரும். குளிர்ந்த இயந்திரத்தை முதலிற் பெற்றோலால் எழுப்பவேண்டும். சூடேறிய பின்னரே அது மண்ணெண்ணெயை ஏற்கும். பெரியவர் பிளக்கைப் பூட்டினார். "விளக்கைத் தூரத்திலை வையுங்கோ பிள்ளை" என்று தமக்கையாரிடம் சொன்னார். மடியிலிருந்து ஒரு சிறிய மருந்துப் போத்தலை எடுத்தார். பொன்போற் காத்த பெற்றோல் அது. சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டார். இரண்டாம் உதையில் இயந்திரம் முழங்கிற்று.

அன்னையாரை நடுவில் இருத்தி, தமக்கையார் பின்னிருந்து தாங்க, வெண்புகை சூழப் புறப்பட்டோம். அன்னையார் பிழைத்தார், அதன்பின் பதினோராண்டு எங்களோடிருந்தார்.

பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பதத்தை ஆறு உறுப்பாகப் பகுத்துக் காண நன்னூல் கற்பிக்கின்றது. அதனை யான் மனனம் செய்திருந்தேன். பகுத்துக் காண்பது இன்னதென்று காட்டியவர் அப்பெரியவரே.

2022 இல் நாடெங்கும் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது அவர் நினைவு மீண்டும் வந்தது. அவர் அப்போது காலமாகிவிட்டிருந்தார். இன்று என் மாணாக்கன் ஒருவன் சொல்லைப் பிரிக்க இயலாது விழிக்கும்போது நான் சினப்பதில்லை. "தம்பி, கொஞ்சம் பொறும், எங்கே நிக்குதெண்டு பாப்பம்" என்கின்றேன். அஃது எந்த நூலின் சூத்திரம் என்று அவன் கேட்பதில்லை. கேட்டால், அந்த மருந்துப் போத்தலைப் பற்றிச் சொல்வேன்.